காற்று உள்ளவரை ஆல்பட்ராஸ்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் வ. புதுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மூன்றும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டை ஒட்டி அமைந்த ஊர்கள். ராஜபாளையத்திலிருந்து வரைபடத்தில் நேர் தெற்காக ஒரு கோடு இழுத்தால், அது கன்னியாகுமரிக்கு அருகே நிலத்தை விட்டு நீங்கும். அப்புறம் 5,000 கிலோமீட்டருக்கு வெறும் கடல். இலங்கை கிழக்கே விலகிவிடும். மாலத்தீவும் சாகோஸ் தீவுகளும் மேற்கே விலகிவிடும். நிலநடுக்கோடு போய், மகர ரேகையும் போய், தெற்கு அட்சரேகை 38 பாகையை நெருங்கும்போதுதான் கோடு மறுபடி ஒரு பாறையைத் தொடும். அதுதான் ஆம்ஸ்டர்டாம் தீவு. பிரான்சுக்கு உரிய, 58 சதுர கிலோமீட்டர் அளவுள்ள எரிமலைத் தீவு. கன்னியாகுமரியும் அந்தத் தீவும் கிழக்கு நெடுங்கோடு 77½ பாகையின் இரண்டு முனைகள்போல இருக்கின்றன.

அந்தத் தீவின் மேட்டு நிலத்தில்தான் ஆம்ஸ்டர்டாம் ஆல்பட்ராஸ் முட்டையிடுகிறது. உலகில் வேறு எங்கும் அது கூடு கட்டுவதில்லை. இறக்கையை விரித்தால் மூன்று மீட்டர் வரும் ஒரு பறவையை, தனி இனம் என்று அறிவியல் அறிவித்தது 1983-இல்தான். அந்தக் காலத்தில் ஓர் ஆண்டில் கூடு கட்டிய இணைகள் பத்தைக்கூடத் தொடவில்லை.

அந்த நிலைக்கு அதைக் கொண்டுவந்ததில் மாடுகளுக்கும் பங்கு உண்டு. 1871-இல் ரியூனியன் தீவிலிருந்து ஒரு விவசாயி குடும்பத்தோடு அங்கே குடியேறப் பார்த்தார். சில மாதங்களில் முடியாது என்று தெரிந்து கிளம்பிவிட்டார். அவர் விட்டுப்போன ஐந்து மாடுகள் கேட்பாரில்லாமல் பெருகி, 1980களின் இறுதியில் 2,000 அளவுக்கு வந்துவிட்டன. மரங்கள் போயின, மண் அரித்தது, பறவைகள் கூடு கட்டும் மேட்டு நிலம் மிதிபட்டது. வேலி போட்டு, படிப்படியாக மாடுகளை அகற்றி, 2010-இல்தான் அந்த வேலை முடிந்தது. பிறகு எலி, சுண்டெலி, பூனை ஆகியவற்றை ஒழிக்கும் பெரிய முயற்சி 2024-இல் நடந்தது. அது முடிந்த சில மாதங்களில், 2025 ஜனவரியில், தீ. ஆய்வு நிலையத்தில் இருந்தவர்களைப் பக்கத்தில் இருந்த மீன்பிடிக் கப்பல் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. தீவின் பாதிக்கு மேல் எரிந்தது. ஒரே தீவை நம்பி வாழும் இனத்தின் கதை இப்படித்தான் ஒவ்வொரு முறையும் நூலிழையில் தொங்குகிறது. இருந்தும் அது இன்று ஆண்டுக்குச் சில பத்து இணைகள் கூடு கட்டும் அளவுக்குத் தேறியிருக்கிறது என்பதை, மனிதர்கள் திட்டமிட்டுச் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாகச் சொல்லத்தான் வேண்டும்.

ஆடி மாதம் சதுரகிரி மலை ஏறுகிறவர்கள் அதன் அடிவாரமான தாணிப்பாறையில் உணரும் காற்றுக்கும் அந்தத் தென்கடலுக்கும் தொடர்பு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் பிறப்பதல்ல. தெற்கு இந்தியப் பெருங்கடலில், 30 பாகை அட்சரேகையை ஒட்டி, அதாவது ஆம்ஸ்டர்டாம் தீவுக்குச் சற்று வடக்கே உள்ள உயர் அழுத்தப் பகுதியிலிருந்து தென்கிழக்குக் காற்றாகக் கிளம்புகிறது அது. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் வளைந்து, தென்மேற்குக் காற்றாகி, கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட காற்றாக அடிவாரத்து வத்திராயிருப்பு வயல்களில் இறங்குகிறது. காற்று இவ்வளவு தூரம் வருகிறது. காற்றை நம்பியே வாழும் ஆல்பட்ராஸ் மட்டும் வருவதில்லை. ஏன் என்று கேட்டால், அந்தப் பறவையின் உடலமைப்பு முழுவதையும் பேச வேண்டியிருக்கும்.

ஆல்பட்ராஸ் ஒற்றைப் பறவை அல்ல. 22 இனங்கள் கொண்ட குடும்பம். பெரும்பாலானவை தெற்கு அரைக்கோளத்தின் குளிர்கடல்களில் வாழ்கின்றன. இவற்றின் அலகின் இரு பக்கமும் சிறு குழல்போல நாசித் துவாரங்கள் இருக்கும். பெட்ரல், ஷியர்வாட்டர் போன்ற ஆழ்கடல் பறவைகளுக்கும் நாசிக்குழல் உண்டு என்பதால் எல்லாம் ஒரே வரிசையில் சேர்க்கப்படுகின்றன. மாதக்கணக்கில் நிலத்தைப் பார்க்காமல் இருக்கும் இவை குடிப்பது கடல்நீர்தான். கண்ணுக்கு மேலே உள்ள உப்புச் சுரப்பிகள் இரத்தத்தில் சேரும் மிகையான உப்பைப் பிரித்து, அலகின் நுனி வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றுகின்றன. மோப்பமும் அபாரம். மேலே பறந்துகொண்டே, பல கிலோமீட்டர் தொலைவில் மிதக்கும் இரையின் வாசனையைக் காற்றில் பிடித்துவிடும்.

அளவைப் பார்ப்போம். விருதுநகர் மாவட்டத்துக் கண்மாய்களுக்கு வந்து போகும் கூழைக்கடாவை அறியாதவர் இல்லை. அதன் இறக்கை விரிப்பு இரண்டேகால் மீட்டர் அளவு. தென்கடலின் வாண்டரிங் ஆல்பட்ராஸுக்கு அது மூன்று மீட்டருக்கு மேல். மூன்றரை மீட்டர் வரை அளந்திருக்கிறார்கள். இன்று வாழும் பறவைகளில் இதைவிட நீண்ட இறக்கை வேறெதற்கும் இல்லை. எடை 6 முதல் 12 கிலோ வரை. ஆனால் கூழைக்கடாவின் இறக்கை அகலமானது, நுனியில் விரல்போலப் பிரிந்த இறகுகள் கொண்டது. வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் வட்டமடிக்க ஏற்றது. ஆல்பட்ராஸின் இறக்கை ஒடுக்கமானது, நீண்டது, கூரானது. வெப்பக் காற்று மேலெழாத குளிர்கடலுக்கு அதுதான் பொருந்தும்.

மேலெழும் காற்று இல்லாத இடத்தில் இறக்கை அடிக்காமல் எப்படிப் பறப்பது? இந்தப் புதிருக்கு இயற்பியலாளர் ரேலி பிரபு 1883-இல் விடை சொன்னார். கடல் மட்டத்தை உரசி வீசும் காற்று, அலைகளில் தேய்ந்து வேகம் குறையும். பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில் அதே காற்று தங்குதடையின்றி ஓடும். பறவை அலையோரத்திலிருந்து காற்றை எதிர்த்து மேலே ஏறுகிறது. ஏற ஏற எதிர்க்காற்று வலுப்பதால், இறக்கையின்மேல் பாயும் காற்றின் வேகம் குறையாமல் இருக்கிறது. உச்சியில் திரும்புகிறது. இப்போது வேகக்காற்று முதுகுக்குப் பின்னால். காற்றோடு சேர்ந்து சறுக்கி இறங்கி, காற்று மெலிந்த அலையோரத்தில் சேர்த்த வேகத்தை வைத்துக்கொண்டு மறுபடி எதிர்த்து ஏறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் காற்றின் இரண்டு அடுக்குகளுக்கு இடையே உள்ள வேக வித்தியாசத்திலிருந்து கொஞ்சம் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து விநாடி. இதையே இரவும் பகலும் செய்துகொண்டிருந்தால் கடல் கடந்துவிடலாம்.

அவ்வளவு நேரம் இறக்கையை விரித்துப் பிடித்திருந்தால் தசை களைத்துப் போகாதா? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. தோள் மூட்டில் ஒரு தசைநாண் விரித்த இறக்கையைப் பூட்டிவிடுகிறது. கை வலிக்காமல் கையை நீட்டி வைத்திருக்கும் வசதி. பறக்கும் வாண்டரிங் ஆல்பட்ராஸின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, அது கூட்டில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போது இருந்த அளவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு உண்மையில் கடினமான வேலை பறப்பதல்ல; நீரிலிருந்து எழும்புவதும் நீரில் இறங்குவதும்தான்.

பறவைகளைச் செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடரும் கலையே இந்தியப் பெருங்கடலில் இந்தப் பறவையோடுதான் பெரிய அளவில் தொடங்கியது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் பியர் ஜூவந்தானும் ஆன்ரி வைமர்ஸ்கிர்ஷும் குரோசே தீவுகளில் அடைகாத்த வாண்டரிங் ஆல்பட்ராஸ்களின் முதுகில் கருவி பொருத்தி, 1990-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். துணைப்பறவை முட்டையின்மேல் உட்கார்ந்திருக்க, இரை தேடிப் போன பறவை ஒரே பயணத்தில் 3,600 முதல் 15,000 கிலோமீட்டர் வரை சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தது. சில சமயம் ஒரே நாளில் 900 கிலோமீட்டர்வரை பறந்திருந்தது. அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியா தீவைச் சேர்ந்த சாம்பல்தலை ஆல்பட்ராஸ் ஒன்று 46 நாளில் பூமியையே சுற்றிவந்ததைப் பின்னாளில் பதிவு செய்தார்கள்.

இந்தப் பெருமையெல்லாம் காற்றிடம் கடன் வாங்கியது. மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால்தான் இந்தச் சுற்றை இறக்கை அடிக்காமல் தொடர முடியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் இறக்கையை அடித்தாக வேண்டும். பத்துக் கிலோ உடம்பை வெகுநேரம் அடித்துத் தூக்கும் அளவுக்கு அதன் மார்புத் தசை பெரிதல்ல. ஆகவே காற்று விழுந்த நாளில் உலகின் மிகச் சிறந்த பறவை, அலையில் மிதந்தபடி காத்திருக்கிறது.

நிலநடுக்கோட்டை ஒட்டி, இரு அரைக்கோளக் காற்றுகளும் சந்தித்து மேலெழும் பட்டையில் கடல் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும். பாய்மரக் காலத்து மாலுமிகள் நாள்கணக்கில் அசையாமல் தவித்த பகுதி அது. நமக்கு அமைதியான கடல். ஆல்பட்ராஸுக்கு அது மதில்.

பசிபிக்கில் மட்டும் இந்த மதிலுக்கு வடக்கேயும் ஆல்பட்ராஸ்கள் உண்டு. ஜப்பான், அலாஸ்கா கடல்களில் குளிரும் மேற்குக் காற்றும் இருப்பதால் மூன்று இனங்கள் அங்கே நிலைத்துவிட்டன. பெருவிலிருந்து வரும் குளிர்நீரோட்டத்தின் தயவில் கலாபகோஸ் தீவில் ஓரினம் நிலநடுக்கோட்டின் பக்கத்திலேயே வாழ்கிறது. வட அட்லாண்டிக்கில் பழங்காலத்தில் இருந்தவை பிறகு அற்றுப்போய்விட்டன; எலும்புகள்தான் மிச்சம். இந்தியப் பெருங்கடலுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அதன் வடக்கே ஆசியக் கண்டம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நாற்பது பாகையில் ஒரு வடகடல் நமக்கு இல்லை. வெப்பக் கடல் முடியும் இடத்தில் குஜராத்தும் வங்காளமும் தொடங்கிவிடுகின்றன.

வியப்பு என்னவென்றால், ஆல்பட்ராஸின் சிறிய உறவினர்கள் இந்த மதிலைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமுக்குத் தெற்கே 85 கிலோமீட்டரில், அதே நெடுங்கோட்டில், செயின்ட் பால் என்ற குட்டித் தீவு இருக்கிறது. அங்கே வளையில் முட்டையிடும் வெளிர்கால் ஷியர்வாட்டர்கள் குஞ்சு பொரித்து முடித்ததும் வடக்கே கிளம்பி அரபிக்கடலுக்கு வருகின்றன. இலங்கையின் மேற்குக் கரையோரமாகவும் கடந்து போகின்றன. இன்னும் சிறியது வில்சன் புயல் பெட்ரல். எடை 40 கிராம்கூட இருக்காது. அண்டார்டிகாவிலும் அதைச் சுற்றிய தீவுகளிலும் பிறந்து, நம் பருவமழை மாதங்களில் கேரள, தமிழகக் கடலில் அலைமேல் காலை உதைத்துத் துள்ளியபடி இரை தேடுகிறது. எடை குறையக் குறைய இறக்கை அடிப்பதற்கான செலவும் குறைகிறது. காற்று இல்லையென்றால் அடித்தே கடந்துவிடலாம். பெரிய இறக்கை வாங்கித் தந்த சுதந்திரம் எந்த அளவுக்குப் பெரியதோ, அது போட்ட நிபந்தனையும் அந்த அளவுக்குக் கடுமையானது.

இந்தப் பின்னணியில்தான் 2020 ஆகஸ்டில் ராமேஸ்வரம் தீவின் அந்தோணியார்புரத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பாக் நீரிணைக் கரையில் உள்ள மீனவர் ஊர் அது. அங்கே லைட்-மேண்டில்டு ஆல்பட்ராஸ் ஒன்று காணப்பட்டது. அதைப் பற்றி எச். பைஜுவும் என். ரவீந்திரனும் எழுதிய கட்டுரை 2022-இல் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா’ இதழில் வெளியானது. இந்த இனம் ஆசியாவில் பதிவானது அதுதான் முதல் முறை.

ஆல்பட்ராஸ்களில் இது நடுத்தர அளவு: இறக்கை விரிப்பு இரண்டு மீட்டர், எடை மூன்று கிலோவை ஒட்டி. கரும்பழுப்புத் தலை, முதுகில் சாம்பல் போர்த்தியதுபோன்ற வெளிர் நிறம், கண்ணின் பின்புறம் பிறைபோல வெள்ளை, கரிய அலகின் பக்கவாட்டில் ஒரு நீலக் கோடு. எளிதில் வேறொன்றாக எண்ணிவிட முடியாத முகம். மற்ற ஆல்பட்ராஸ்களைவிட ஆழமாக முங்கக் கூடியது; 12 மீட்டர் வரை முங்கியதைக் கருவி காட்டியிருக்கிறது. கணவாய், கூனிவகை, மீன் இதன் உணவு. செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டும். இணைகள் ஒன்றின் அசைவை மற்றொன்று அப்படியே பின்பற்றிச் சேர்ந்து பறக்கும். கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் சென்ற இயற்கையறிஞர் ஃபார்ஸ்டர் 1785-இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். கெர்கெலன், ஹெர்டு, குரோசே போன்ற தீவுகள் இதன் வீடு. ராமேஸ்வரத்திலிருந்து கெர்கெலன் ஏறத்தாழ 6,500 கிலோமீட்டர்.

ஆம்ஸ்டர்டாம் தீவையும் தாண்டி, இன்னும் தெற்கே, பனிக்கட்டி மிதக்கும் கடலில் திரியும் பறவை அது. அது பாக் நீரிணையில் நின்றதற்கு ஒற்றைக் காரணம் தேடுவதைவிட, அந்த மாதத்துக் கடலைக் கவனிப்பது பயன் தரும். ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே பாய்ந்துகொண்டிருக்கும். ஆண்டின் மற்ற மாதங்களைவிட அப்போது மதில் பலவீனம். அரபிக்கடலில் ஆல்பட்ராஸுக்குத் தேவையான காற்று உண்டு; ராமேஸ்வரத்தில் கச்சான் காற்று அடங்காமல் வீசும். வழி தவறிய ஒரு பறவை எப்படியோ நடுப்பட்டையைத் தாண்டிவிட்டால், அப்புறம் காற்று அதைக் கைவிடாது. ஆனால் வெதுவெதுப்பான கடலில் அதன் இரை இல்லை. அதுதான் சிக்கல்.

இதைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் உடனே எழுதிவிடுவதும் அவசரம். ஒரு பறவையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. காற்று மாறுவது உண்மைதான். ஆனால் அது தெரியவருவது நீண்டகால அளவீட்டில். தெற்கு இந்தியப் பெருங்கடலின் மேற்குக் காற்று சில பத்தாண்டுகளில் வலுத்து, துருவத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. குரோசே ஆல்பட்ராஸ்கள் அதனால் வேகமாகப் பறந்து, இரை தேடும் பயணத்தைச் சீக்கிரம் முடிக்கின்றன. ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடியிருக்கின்றன. குஞ்சு வளர்ப்பில் அதிக வெற்றி பெறுகின்றன. இது வைமர்ஸ்கிர்ஷ் குழு 2012-இல் வெளியிட்ட முடிவு. இப்போதைக்கு லாபம்தான். காற்று இன்னும் தெற்கே போய், தீவுகள் இருந்த இடத்திலேயே இருந்தால் நிலைமை மாறும் என்று அவர்களே எச்சரித்தார்கள்.

ஆல்பட்ராஸ் வராத நம் கடல், பெரிய பறவை இல்லாத கடல் என்று எண்ணிவிடக் கூடாது. லட்சத்தீவின் கவரத்திக்கு அருகே உள்ள பிட்டி என்ற மணல்திட்டு, ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் சரணாலயம். பூபிகளும் டிராபிக் பறவைகளும் ஆழ்கடல் போகும் படகுகளின் மேல் சுற்றுகின்றன. ஆனால் ஆல்பட்ராஸுக்கு எதிர்முனை என்று ஒன்றைச் சொல்வதானால் அது ஃபிரிகேட் பறவை.

இறக்கை விரிப்பு இரண்டு மீட்டரைத் தாண்டும். எடை ஒன்று, ஒன்றரைக் கிலோ. உடம்பளவோடு ஒப்பிட்டால் இவ்வளவு பெரிய இறக்கை எந்தக் கடற்பறவைக்கும் இல்லை. கருமேனி, பிளந்த வால், நுனி வளைந்த அலகு. கூடு கட்டும் காலத்தில் ஆண்பறவையின் தொண்டைப்பை செக்கச்செவேலென்று ஊதி நிற்கும். பூபியும் ஆலாவும் பிடித்த மீனைத் துரத்திப் பறிப்பது இதன் வழக்கம். இத்தனை இருந்தும் இதன் இறகுகள் நனைந்தால் நீரை விடாது. கடலில் வாழ்ந்துகொண்டு கடலில் இறங்க முடியாத பறவை! ஆல்பட்ராஸாவது காற்று விழுந்தால் மிதக்கலாம். இதற்கு அந்த வழியும் இல்லை.

அப்படியானால் ஓய்வு எப்படி? மொசாம்பிக் கால்வாயில் உள்ள யூரோப்பா தீவின் ஃபிரிகேட் பறவைகளை வைமர்ஸ்கிர்ஷ் குழுவே பின்தொடர்ந்து, 2016-இல் விடை தந்தது. அவை ஒரு முறைகூட இறங்காமல் இரண்டு மாதம் வரை வானிலேயே இருக்கின்றன. எந்தக் காற்றில்லாத பட்டை ஆல்பட்ராஸுக்கு மதிலோ, அதன் விளிம்பை ஒட்டியே இவை இந்தியப் பெருங்கடலைச் சுற்றிவருகின்றன. வெப்பக் கடலில் குவியும் மேகங்களின் அடியில் காற்று மேலே ஏறும். அதில் ஏறி, சில சமயம் மேகத்துக்குள்ளேயே புகுந்து, 4,000 மீட்டர் உயரம் வரை போகும். அங்கிருந்து இறக்கை அசைக்காமல் பல பத்து கிலோமீட்டர் சறுக்கிவந்து அடுத்த மேகத்தைப் பிடிக்கும். ஒரு பறவை பக்கவாட்டுக் காற்றைச் சாப்பிட்டு வாழ்கிறது. மற்றொன்று மேலெழும் காற்றை. இரண்டும் ஒன்றின் நாட்டுக்குள் மற்றொன்று குடியேற முடியாது. பெருங்கடலின் பெரிய பறவைகள் கடலைப் பங்கிட்டிருப்பது மீனை வைத்து மட்டுமல்ல, காற்றை வைத்தும்தான்.

ஆல்பட்ராஸின் வாழ்க்கை நிதானமானது. வாண்டரிங் ஆல்பட்ராஸ் முதல் முட்டையிடவே பத்து வயதாகும். ஈட்டில் ஒரே முட்டை. அடைகாக்க இரண்டரை மாதம், குஞ்சு பறக்க ஒன்பது மாதம். ஆகவே ஓராண்டு விட்டு ஓராண்டுதான் குடும்பம். இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமென்றால் பறவை நீண்டநாள் வாழ வேண்டும், வாழ்கிறது. வட பசிபிக்கின் மிட்வே தீவில் 1956-இல் காலில் வளையம் மாட்டப்பட்ட ‘விஸ்டம்’ என்ற லேசன் ஆல்பட்ராஸ் 2024 இறுதியிலும் ஒரு முட்டையிட்டது. அப்போது அதற்கு வயது எழுபதுக்கு மேல். இப்படி வாழும் இனத்தில் ஒரு குஞ்சு போனால் தாங்கிக்கொள்ளும். முதிர்ந்த பறவை செத்தால் இழப்பு ஈடாக வெகுகாலம் ஆகும். துணை இழந்த பறவை வேறு துணை சேரவே சில ஆண்டுகள் எடுக்கும்.

முதிர்ந்த பறவைகளைக் கொல்வது எது என்றால், சூரைமீன் பிடிக்கும் ஆயிரங்கால் தூண்டில். ஒரு பெரிய கப்பல் நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு வடம் விடும்; அதில் இரண்டாயிரம், மூவாயிரம் தூண்டில்கள் தொங்கும். கப்பலின் பின்புறத்திலிருந்து இறங்கும் இரை கோர்த்த முள் உடனே மூழ்காது. சில நொடிகள் மேலேயே மிதக்கும். கணவாயை மோப்பம் பிடித்து வரும் ஆல்பட்ராஸ் அதை விழுங்கும். வடம் மூழ்கும்போது பறவையும் மூழ்கும். 1970களில் குரோசே ஆல்பட்ராஸ்கள் வேகமாகக் குறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். அதிலும் பெண்பறவைகள்தான் அதிகம் செத்தன. ஆணைவிட எடை குறைந்த அவை, வடக்கே வெதுவெதுப்பான நீரில் இரை தேடுகின்றன. சூரை பிடிக்கும் கப்பல்களும் அங்கேதான் இருக்கின்றன.

இதற்குத் தீர்வு தெரியாமல் இல்லை. தூண்டிலை இரவில் இறக்கலாம். ஆல்பட்ராஸ் பெரும்பாலும் பகலில் இரை தேடும். முள்ளுக்கு அருகே எடை கட்டினால் சட்டென்று மூழ்கும். கப்பலின் பின்னால் வண்ண நாடாக்கள் தொங்கும் கயிறு கட்டி இழுத்தால் பறவை நெருங்காது. எல்லாம் மலிவான வேலை. தெற்கு ஜார்ஜியாவைச் சுற்றி 1990களில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த கடற்பறவைகள், இந்த விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய பிறகு கிட்டத்தட்டச் சாகவே இல்லை. இந்தியாவும் உறுப்பினராக உள்ள இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், 25 பாகைக்குத் தெற்கே இந்த மூன்றில் இரண்டையாவது பின்பற்ற வேண்டும் என்ற விதியை 2014 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

விதி இருக்கிறது, நடுக்கடலில் யார் பார்ப்பது? இதற்கும் ஆல்பட்ராஸே துணைக்கு வந்தது. கப்பல்களின் ரேடார் அலைகளை உணரும் சிறு கருவிகளை 2018 இறுதியில் குரோசே, கெர்கெலன், ஆம்ஸ்டர்டாம் தீவுகளின் 169 ஆல்பட்ராஸ்களுக்குப் பொருத்தினார்கள். கப்பலைக் கண்டால் நெருங்கிப் போவது அவற்றின் இயல்பு. ரேடார் உணரப்பட்ட இடத்தில், தன் இருப்பை அறிவிக்கும் சமிக்ஞையைக் கப்பல் அனுப்பியதா என்று ஒப்பிட்டார்கள். சர்வதேசக் கடலில் பறவைகள் கண்ட கப்பல்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அந்தச் சமிக்ஞையை அனுப்பவில்லை. ஒளிந்து மீன்பிடிப்பதன் அளவை இவ்வளவு துல்லியமாக மனிதர்களால் அதற்கு முன் அளக்க முடிந்ததில்லை.

தமிழக மீனவர்களுக்கும் இந்தத் தொழில் அந்நியமல்ல. குமரி மாவட்டத்தின் தூத்தூர் பகுதிக்காரர்கள் ஆழ்கடல் தூண்டிலில் நாடறிந்தவர்கள். வாரக்கணக்கில் கடலில் தங்குவார்கள். பாக் நீரிணையின் இழுவைமடிப் படகுகளுக்கு மாற்றாக, சூரை பிடிக்கும் ஆழ்கடல் தூண்டில் படகுகளுக்கு மானியம் தரும் திட்டம் 2017-இல் தொடங்கியது. இந்தப் படகுகள் போகும் கடலில் ஆல்பட்ராஸ் இல்லை. ஆனால் ஆமையும் வேறு கடற்பறவைகளும் உண்டு. எடை கட்டுவதும் இரவில் இறக்குவதும் ஒரு தொழிற்பழக்கமாக ஆரம்பத்திலேயே படிந்துவிட்டால், பின்னால் யாரும் வந்து கட்டாயப்படுத்தத் தேவையிருக்காது. கடற்பறவைகளைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி இந்த மீனவர்கள் பார்ப்பதிலிருந்தும் கரையில் ஒதுங்குவதிலிருந்தும்தான் வர வேண்டும்; பறவை ஆர்வலர்கள் எவ்வளவு பேர் நூறு கிலோமீட்டர் கடலுக்குள் போய்விட முடியும்?

ஆனி, ஆடி, ஆவணியில் களைத்த கடற்பறவை ஒன்று கரையிலோ, உள்நாட்டுக் கண்மாயிலோ விழுந்து கிடந்தால் செய்யக்கூடியது எளிது. இவற்றில் பலவற்றுக்கு நடக்கவே வராது; அதைக் கால் ஒடிந்ததாக எண்ண வேண்டாம். பலவந்தமாக மீனோ தண்ணீரோ வாயில் ஊட்டக் கூடாது. காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வைத்து வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்; மன்னார் வளைகுடாக் கரையில் கடல்சார் தேசியப் பூங்காவின் அலுவலர்கள் இருக்கிறார்கள். இரக்கப்பட்டுக் கடலிலே தூக்கி விடுவதுதான் பெரிய தவறு. அது ஷியர்வாட்டராக இருந்தாலும் களைப்பில் அலை அடித்துவிடும். ஃபிரிகேட் பறவையாக இருந்தால் இறகு நனைந்து அங்கேயே மூழ்கிவிடும். பெட்டியில் வைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்: அலகு பக்கவாட்டில் தெரியும்படி, நாசிக்குழல் தெளிவாக விழும்படி. பெரும்பாலான கடற்பறவைகளை அந்த ஒரு படத்தை வைத்தே இனங்கண்டுவிடலாம்.